கோபால்ட்டுக்கு ஒரு வரி

திண்டிவனம்
3-3-1996

அன்புள்ள வேணிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வழக்கம்போல் மேல் மூலையில் எண் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து இது நானூற்று எழுபத்தெட்டாவது. இதைச் சொன்னால் உன் அண்ணி ஜெயம்மாள் சிரிக்கிறாள். “உங்க தங்கச்சி கடுதாசிக்கு ரேஷன் கார்டு மாதிரி நம்பர் போடுறீங்களே” என்கிறாள். வேறு எதற்கும் பயன்படாத ஒழுங்கு என்னுடையது. இதற்காவது பயன்படட்டும்.

படியேறினால் மூச்சு வாங்குகிறது, நாக்கு சிவந்து எரிகிறது, மாலையானால் பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். பொதுவாக நான் யாருக்கும் மருந்து சொல்வதில்லை. உனக்கே தெரியும், கடையில் கத்திரிக்காய் எடுக்கவே இரண்டு முறை யோசிப்பவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. உனக்கு இரும்பு போதவில்லை. இரத்தத்தின் ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் இரும்பு இருந்துதான் மூச்சுக்காற்றைச் சுமக்கிறது. சுமக்க ஆளில்லாவிட்டால் மூச்சு வாங்கத்தான் செய்யும். இரும்பைப் பற்றி வருடத்துக்கு மூன்று வகுப்பு வீதம் முப்பத்தைந்து வருடம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன்.

சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை தருவார்கள். அதிலேயே கொஞ்சம் ஃபோலிக் அமிலம் இருக்கும். அது போதாது. மருந்துக் கடையில் ஃபோலிக் அமில மாத்திரை தனியாகவும் வாங்கி தினம் ஒன்று போட்டுக்கொள். முருங்கைக்கீரையும் கேப்பையும் சேர்த்துக்கொள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே.

மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்டு நீ பாலும் தயிரும் விட்டதால்தான் இப்படி ஆகிறது என்று வேங்கடேசன் கோபப்படுவதாக எழுதியிருந்தாய். பேத்தி சங்கவி தன் தலையில் பால்குடம் எடுத்து மலையேறும் வரை பால் தொடமாட்டேன் என்பது உன் வேண்டுதல். அவளுக்கு இப்போதுதான் நான்கு வயது. இன்னும் பல வருடம் ஆகும். இருக்கட்டும். உன் மகனிடம் சொல்: பாலில் இரும்பு இல்லை. சொல்லப்போனால் மாத்திரையிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைப் பால் தடுக்கும். ஆகவே உன் வேண்டுதல் இரசாயனத்துக்கும் பொருத்தமானதே.

அண்ணன்
முருகையன்

*

விழுப்புரம்
20-6-1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் இரும்பு வேலை செய்துவிட்டது. மாத்திரையைக் கொடுத்த நர்ஸ் நேற்று என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “இன்னா பாட்டிம்மா, புதுப்பொண்ணு கணக்கா செவந்துக்கினு வர்றீங்க” என்றாள். மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது. வேங்கடேசனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “மாமாவே சொல்லிட்டாரா, அப்ப சரி” என்று ரயில்வே ஆபீசுக்குப் போய்விட்டான். இந்த வீட்டில் உங்கள் பேச்சுக்கு இருக்கும் மரியாதை எனக்கில்லை.

எறும்பு மட்டும் போகவில்லை. பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறியிருக்கிறது. அதோடு ஒரு வேடிக்கை. போன வாரம் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் பொன்னி, “அத்தே, ஒத்தச் செருப்பு எங்க?” என்கிறாள். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. அவ்வளவு தூரம் வெறுங்காலில் நடந்திருக்கிறேன், வெயிலில், எனக்குச் சுடவேயில்லை. பொன்னி சிரித்தாள், நானும் சிரித்தேன். மருமகள் வாய்த்தது நல்லவள்.

மாலையில் வெளிச்சம் மங்கினால் நடை தள்ளாடுகிறது. அறுபதை நெருங்கினால் அப்படித்தான் இருக்குமா? உங்களுக்கு அறுபத்தாறு ஆகிறதே, உங்களுக்கு உண்டா?

நர்ஸ் என் கண்ணிமையைப் பார்த்து, புதுப்பெண் மாதிரி சிவந்துவிட்டேன் என்றாள். சொன்னேனா?

வேணி

*

விழுப்புரம்
11-11-1966

அண்ணாவுக்கு,

பொன்னி உப்பு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறாள். கேட்டால் இல்லை என்கிறாள். என் பெட்டிச் சாவியையும் அவள்தான் எடுத்திருக்கிறாள். நான் தூங்கும்போது என் காலில் ஏதோ தடவுகிறாள், அதனால்தான் கால் மரத்துப் போகிறது. பொன்னி உப்பு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறாள். வேங்கடேசனிடம் சொன்னால் அவளுக்கு வக்காலத்து வாங்குகிறான்.

எல்லாரும் இப்படித்தான். எனக்காக ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். நீங்கள் திறந்தீர்களா? நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் பள்ளிக்கூடத்துக்கே முதல். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “பொண்ண மெட்ராஸ் அனுப்புங்க, கெமிஸ்ட்ரி படிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா உங்களைக் கேட்டார். மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்த களத்தில். நீங்கள் லீவுக்கு வந்திருந்தீர்கள். நான் கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா அனுப்பியிருப்பார். மறுவருடம் எனக்குக் கல்யாணம்.

நாற்பது வருடமாக உங்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினேன். ஒன்றிலும் இதை எழுதவில்லை. இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நீங்களும் எழுத வேண்டாம். இந்த வீட்டுக்கு வரவும் வேண்டாம். பொன்னி உப்பு டப்பாவை

*

திண்டிவனம்
24-11-1996

அன்புள்ள வேணி,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். எழுதுகிறேன். பத்து நாள் தள்ளிப்போட்டேன். ஜெயம்மாள், “ஒரு கடுதாசிய எத்தினி வாட்டிதான் கிழிப்பீங்க, அந்தத் தாளுக்கும் ஒரு உசுரு இருக்குதில்ல” என்று சத்தம் போட்ட பிறகே இதைக் கிழிக்காமல் முடிப்பது என்று உட்கார்ந்தேன்.

நீ என்மேல் சொன்ன குற்றத்துக்கு இந்தக் கடிதத்தில் பதில் சொல்லப்போவதில்லை. அதற்கு எனக்குத் துணிவில்லை. இப்போதைக்கு அது மட்டும் உண்மை.

வேறொன்று. உன் கடிதத்தின் தேதியில் முப்பது வருடம் பின்னால் போயிருந்தாய். முதலில் கைத்தவறு என்று நினைத்தேன். பிறகு கோப்பை இறக்கி, இந்த ஒரு வருடத்துக் கடிதங்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். தள்ளி நின்று பார்த்தால் படிக்காமலே ஒன்று தெரிகிறது. ஜனவரியில் உன் எழுத்து கோட்டின்மேல் நிற்கிறது. ஜூனில் வரி முடிவில் சற்றே இறங்குகிறது; நர்ஸ் சொன்ன சேதி இரண்டு முறை. ஆகஸ்டில் ஒரே சேதி மூன்று முறை. அக்டோபரில் என் விலாசத்தில் கதவு எண் தப்பு; தபால்காரருக்கு என்னைத் தெரியும் என்பதால் வந்து சேர்ந்தது. நவம்பரில் எழுத்து தாளைவிட்டே சரிந்து போகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். என்ன என்று சொல்லப் பயமாக இருக்கிறது. மார்ச் மாதம் சந்தேகமே இல்லாமல் ஒன்றைச் சொன்னேன் அல்லவா, அதனால் பயம். மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் விழப்பார்க்கிறாயா? காலடியில் தரை இருப்பது தெரிகிறதா, அல்லது பஞ்சின்மேல் நடப்பது போலிருக்கிறதா? நாக்கு இன்னும் எரிகிறதா? ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல் போதும். கோபத்தோடு எழுதினாலும் சரி.

முருகையன்

*

திண்டிவனம்
15-12-1996

வேணி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் கையிலேயே கொண்டுவருகிறேன். உன் வீட்டு வாசலில் நின்றதும் எனக்கு நாக்கு எழும்பாமல் போகலாம். அப்படியானால் இதை நீட்டிவிடுவேன்.

என் மூன்று கேள்விக்கும் பதில் வரவில்லை. இன்று எதிர்வீட்டுப் போனில் வேங்கடேசன் கூப்பிட்டான். “மாமா, அம்மாவுக்கு மூளை கலங்கிப்போச்சு. நேத்து ஸ்டேஷன் ரோட்ல வூடு தெரியாம நின்னுக்கினு இருந்துச்சு. பொன்னிய அடிக்கக் கை ஓங்குது. ஒரே பேஜாரா இருக்குது. இந்த மாதிரி ஆளுங்களப் பாத்துக்குற எடம் ஒண்ணு இருக்குதாம், வியாழக்கெழம சேர்த்துடறோம். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க” என்றான். நான் “சரி” என்றேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று உறைத்தது. என்னை யார் கேட்டாலும் என் வாய் முதலில் சொல்வது அந்தச் சொல்லைத்தான்.

வேணி, நான் தப்பு செய்துவிட்டேன். உனக்குக் குறைந்தது இரும்பு அல்ல என்று நினைக்கிறேன். கோபால்ட்.

நீலச் சாயத்துக்குப் போடுவார்களே, அதே உலோகம்தான். உடம்பில் அது இருக்கும் இடம் ஒன்றுதான்: பி பன்னிரண்டு என்ற வைட்டமினின் நடுவில். பல்லக்கின் நடுவே சுவாமி உட்கார்ந்திருப்பது போல. அந்த வைட்டமின் ஓர் ஆளின் உடம்பு முழுதுக்கும் சேர்த்து ஒரு கல் உப்பின் எடைகூட இராது. ஆனால் அது இல்லாவிட்டால் நரம்பின்மேல் இருக்கும் உறை கரையத் தொடங்கும். முதலில் கால், பிறகு நடை, பிறகு புத்தி. ஆஸ்திரேலியாவில் கோபால்ட் இல்லாத மண்ணில் மேய்ந்த ஆடுகள், வயிறு நிறையப் புல் இருந்தும் மெலிந்து மெலிந்து செத்தன.

அந்த வைட்டமின் கீரையில் இல்லை, கேப்பையில் இல்லை, பருப்பில் இல்லை. மீன், முட்டை, பால் இவற்றில்தான். உன் வீட்டுக்காரர் போனதும் மீனும் முட்டையும் விட்டாய். பத்து வருடம். பிறகு பாலையும் விட்டாய். ஐந்து வருடம். அதுவரை உன் உடம்பு பழைய இருப்பைத் தின்றுகொண்டிருந்தது. இருப்பு தீர்ந்து முதல் அறிகுறி காட்டிய நேரத்தில் என்னிடம் கேட்டாய். நான் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொன்னேன். அது இரத்தத்தை மட்டும் சரிசெய்து, நரம்பு சாவதை வெளியே தெரியாமல் மூடிவிடும். நர்ஸ் உன் சிவந்த கண்ணிமையைப் பார்த்தாளே, அது நான் போட்ட மூடிதான். பாலை விட்டது நல்லது என்றும் எழுதினேன். அதை எழுதிய கை இது.

இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கல்லூரியில் இரும்புக்கு மூன்று வகுப்பு எடுப்பேன். கோபால்ட் வந்ததும், “உயிர்வேதியியலில் இதன் பங்கு பி பன்னிரண்டு” என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிக்கலுக்குப் போய்விடுவேன். முப்பத்தைந்து வருடமும் அந்த ஒரே வரி. தேர்வில் அது வராது.

இப்போதும் நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். அப்படியிருந்தால் அந்த வைட்டமின் ஊசி ஒன்றும் கெடுதல் செய்யாது. சரியாக இருந்தால் நாள் கணக்குதான் இருக்கிறது. வருகிறேன்.

முருகையன்

*

விழுப்புரம்
2-2-1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

பேனா பிடிக்க வருகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நீங்கள் எப்படியும் மேசையில் பரப்பித் தள்ளி நின்று பார்ப்பீர்கள். அதனால் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன்.

நீங்கள் வந்த நாள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மிச்சத்தைப் பொன்னி சொன்னாள். அவள் நடித்துக் காட்டுவதைப் பார்க்க நீங்கள் இங்கே இருக்க வேண்டும். வாசலில் வேங்கடேசன், “மாமா, டாக்டருங்க பாத்தாச்சு, நீங்க எதுக்கு இம்மாந்தூரம்…” என்று இழுத்தானாம். நீங்கள் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், “வண்டி கூப்புடு. ஜல்தி” என்றீர்களாம். எங்கள் அண்ணன் வாயில் ‘ஜல்தி’யா என்று நான் நம்பவேயில்லை. பொன்னி சாமிமேல் சத்தியம் செய்கிறாள்.

நீங்கள் கூட்டிப்போன ராயப்பன் டாக்டரிடம் நடந்தது எனக்கே நினைவிருக்கிறது. அவர் உங்களை மேலும் கீழும் பார்த்து, “சார், நீங்க டாக்டருங்களா?” என்றார். நீங்கள், “இல்லீங்க. காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்றது தப்பா இருக்கலாம். ஆனா தப்புன்னு தெரியற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்” என்றீர்கள். உங்கள் கை மட்டும் மேசைக்கடியில் நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. எனக்கு அது தெரிந்தது, அவருக்குத் தெரியாது.

பிறகு என்னை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னீர்கள். மூடியதும் தரை போய்விட்டது. விழுந்தேன், பிடித்தீர்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, பால் சாப்புடுறதில்லீங்களா?”

“வேண்டுதலுங்க.”

“மீனு? முட்டை?”

“அது விட்டு பத்து வருஷம் ஆச்சுங்க.”

“பெரியவரே, இத நீங்க சொல்லாங்காட்டி நான் கேட்டே இருக்கமாட்டேன்” என்று உங்களைப் பார்த்துச் சொன்னார். நல்ல மனிதர். அன்றைக்கே இரத்தம் எடுத்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். முடிவு வரும்முன்னே முதல் ஊசியும் போட்டார். கருஞ்சிவப்பாக, மாதுளம்பழச் சாறு மாதிரி இருந்தது. முடிவும் நீங்கள் சொன்னபடியே வந்தது. பத்து ஊசி முடிந்து இப்போது வாரத்துக்கு ஒன்று.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலையில் எழுந்தேன். தலைக்குள் யாரோ சன்னலைத் திறந்தது மாதிரி இருந்தது. நேராகப் போய் அரிசிப் பானைக்குள் கைவிட்டேன். உப்பு டப்பா அங்கேதான் இருந்தது. நானேதான் வைத்திருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு பொன்னி முன்னால் போய் நின்றேன். அவள், “பரவால்ல அத்தே, ரெண்டு மாசமா கடன் உப்புல சமைச்சேன், பக்கத்து வூட்டக்காவுக்குத் திருப்பிக் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

கால் இன்னும் பாதி மரப்புதான். கேட்டால், வந்தது வரும், வராதது வராது என்கிறார் டாக்டர்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்த மருந்தை மாட்டு ஈரலிலிருந்து எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்படியானால் என் வேண்டுதல் கெட்டுப்போயிற்றா? எனக்காக மழுப்ப வேண்டாம். உள்ளதை எழுதுங்கள்.

வேணி

*

திண்டிவனம்
10-2-1997

அன்புள்ள வேணி,

கோடு போட்ட தாள்தான் என்றாலும் எழுத்து கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஜெயம்மாளிடம் காட்டினேன். உள்ளே போய், இரண்டு பேருக்கும் காபி கலந்து எடுத்துவந்தாள்.

உன் வேண்டுதல் கெடவில்லை. மழுப்பவில்லை, புத்தகம் பார்த்தே எழுதுகிறேன். முன்பு ஈரலைத்தான் கொடுத்தார்கள். இப்போது பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்து அவற்றிடமிருந்து எடுக்கிறார்கள். உண்மையில் இந்த வைட்டமினைப் பசுவும் செய்வதில்லை, மீனும் செய்வதில்லை, எந்தச் செடியும் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிகளுக்கு மட்டும்தான் கோபால்ட்டை நடுவில் நிறுத்தி அந்த மூலக்கூறைக் கட்டத் தெரியும். பசு மேயும்போது மண்ணிலிருக்கும் கோபால்ட் அதன் வயிற்றுக்குப் போகிறது. அங்கிருக்கும் கிருமிகள் வேலையைச் செய்கின்றன. நாம் பாலுக்குப் பசுவைக் கும்பிடுகிறோம். நீ இப்போது இடையில் யாரும் இல்லாமல் நேராக வாங்கிக்கொள்கிறாய். முருகன் கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவம்பரில் எழுதிய கடிதத்தை நினைத்து நீ வருத்தப்படுவாய் என்று எனக்குத் தெரியும். வருத்தப்படாதே. அதை எழுதியது நீ அல்ல, நோய். உப்பு டப்பா எப்படியோ களத்து மேட்டுப் பேச்சும் அப்படித்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறந்துவிடு, நானும் மறந்துவிட்டேன்.

மாத்திரையைப் பற்றி மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

முருகையன்

*

விழுப்புரம்
1-3-1997

அண்ணாவுக்கு,

மாத்திரை விஷயத்தை விடுங்கள். நர்ஸும் கொடுத்தாள், கடைக்காரனும் கொடுத்தான், நானும் விழுங்கினேன். கண்டுபிடித்ததும் நீங்கள்தானே.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பொன்னி உப்பை ஒளித்தாள் என்று எழுதியது நோய். காலில் எதையோ தடவினாள் என்று எழுதியது நோய். வருடத்தை மாற்றிப் போட்டது நோய். களத்து மேடு நோய் இல்லை, அண்ணா. அது நான். என் புத்தி திடமாக இருந்த நாற்பது வருடமும் அது எனக்குள் இருந்தது. உங்கள் மனம் புண்படும் என்று எழுதாமல் அடக்கி வைத்திருந்தேன். நோய் செய்ததெல்லாம் அந்த அடக்கத்தை எடுத்ததுதான். ஊசி போட்டதும் எல்லாம் மறுபடி உள்ளே போய்விட்டது என்று நீங்கள் நிம்மதிப்பட்டால், நான் குணமானதில் எனக்கு என்ன லாபம்?

தவிர, நீங்கள் மறக்கவில்லை. மறந்தவர் அதை எழுதியிருக்கமாட்டார்.

உங்களைத் தண்டிக்க இதை எழுதவில்லை. நானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உங்களுக்கு இருபத்தைந்து வயது. அப்பா முன்னால் நிமிர்ந்து நிற்கத் தெரியாத சுபாவம். பேச வாய் வரவில்லை, பேசாமல் இருந்துவிட்டீர்கள். அவ்வளவுதான். பயந்தவன் பேசாமலிருந்ததை மன்னிக்கலாம். டிசம்பரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியதற்குப் பிறகு மன்னிப்பது சுலபமாகவும் இருக்கிறது. மன்னித்துவிட்டேன். ஆனால் அது நடக்கவில்லை என்று மட்டும் இனிமேல் எழுதாதீர்கள்.

வேணி

*

திண்டிவனம்
19-3-1997

வேணி,

உன் மன்னிப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம் என்று பதினைந்து நாள் பார்த்தேன். முடியவில்லை. நீ மன்னித்தது வேறொருவனை.

நான் பேசாமல் இருக்கவில்லை. பேசினேன். தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக. கிணற்றடியிலிருந்து பார்த்த உனக்கு என் உதடு அசைந்தது தெரிந்திருக்காது.

அப்பா கேட்டது இதுதான்: “வாத்தியார் சொல்றாரு, அனுப்பலாம்னு பாக்கறேன். உங்கூட்ல தங்கிப் படிக்கட்டும். நீ இன்னா சொல்ற?” உன்னை அனுப்பும் எண்ணம் அவருக்கு இருந்தது, வேணி. கல்லூரி விண்ணப்பத் தாளைக்கூட வரவழைத்து மடியில் வைத்திருந்தார்.

நான் சொன்னது: “வாணாம்பா. பொம்பளப் புள்ளைக்கு அது சுமை. ஆசிட்டு, நெருப்பு, ஆம்பளப் பசங்களோட நின்னுக்கினு செய்யற வேலை. தாங்கமாட்டா. நல்ல எடமாப் பாருங்க.”

“நீ படிச்சவன். நீ சொன்னா சரி” என்றார். அந்தத் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். அதை நான் என்ன செய்தேன் என்று கேட்காதே.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக எனக்கே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். புதிதாகக் கல்யாணமானவன், சென்னையில் ஒற்றை அறை, காலம் அப்படி. எதுவும் உண்மையில்லை. அந்த வருடப் பொங்கல் விடுமுறையில் நீ என் பாடக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தாய். “அண்ணா, இந்தப் பக்கம் ஆக்ஸிஜன் ஒண்ணு குறையுது” என்றாய். குறைந்துதான் இருந்தது. அதே சமன்பாட்டை நான் கரும்பலகையில் இரண்டு வகுப்புகளுக்கு எழுதிப்போட்டிருந்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பதினேழு வயதில், கல்லூரிக்குப் போகாமல், அடுக்களையில் நின்றுகொண்டு நீ கண்டுபிடித்தாய். நீ சென்னைக்கு வந்தால் என் வீட்டிலேயே இருப்பாய், தினமும் என் குறிப்புகளைப் படிப்பாய் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இதுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இப்போது நீ மன்னிக்காமல் இருந்தால் அது நியாயம். ஊசியை மட்டும் விட்டுவிடாதே. மாதத்துக்கு ஒன்று, ஆயுள் முழுதும்.

முருகையன்

*

விழுப்புரம்
28-5-1997

அண்ணாவுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏப்ரல் ஊசியும் மே ஊசியும் போட்டுக்கொண்டேன். அதை நீங்கள் சொல்லித்தான் போட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

மார்ச் மாதம் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அது உங்களுக்கு உரியதல்ல என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

எனக்குப் படிப்பு போனதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அப்பா போனபோது நான் அழவில்லை. ஊரே பார்த்தது. “பெத்த பொண்ணு கண்ணுல தண்ணி வரல பாரு” என்று பேசினார்கள். எனக்குத் துரோகம் செய்தவர் அவர் என்று கல்லாக நின்றேன். அவர் மடியில் விண்ணப்பத் தாள் இருந்திருக்கிறது. உங்கள் கடிதம் வந்த மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து அவருக்காக அழுதேன். இருபத்தாறு வருடம் கழித்து. பொன்னி மறுபடி நோய் வந்துவிட்டதோ என்று பயந்து டாக்டருக்கு ஆள் அனுப்பப் பார்த்தாள். அப்பாவை என்னிடமிருந்து எடுத்தவர் நீங்கள், அண்ணா. மறைக்காமல் சொன்னதற்காக இதைக் குறைத்து எழுதமாட்டேன்.

களத்தில் ஒரு முறை பேசினீர்கள், ராயப்பன் டாக்டரிடம் ஒரு முறை பேசினீர்கள். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களை வெளியே அனுப்பிவிடுவேன். இரண்டும் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் இருந்தாக வேண்டும். உங்களுக்கும் அதே கதிதான்.

ஆடி முடியும்வரை இங்கே வராதீர்கள். பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பீர்கள், எனக்கு இரக்கம் வந்துவிடும். இப்போது எனக்கு அது வேண்டாம்.

கடிதம் எழுதலாம்.

போன வாரம் ஊசி போடும்போது அந்தக் கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கோபால்ட் நீலத்துக்குத்தானே என்று எழுதியிருந்தீர்கள், இது ஏன் சிவப்பாக இருக்கிறது? கோபால்ட் அதன் நடுவில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? இரும்பும் இரத்தத்தில் அப்படித்தான் நிற்கிறதா? அப்படியானால் ஒன்று செய்யும் வேலையை மற்றொன்றால் ஏன் செய்ய முடியவில்லை? டாக்டரைக் கேட்டேன். “அதெல்லாம் படிச்சு ரொம்ப வருஷம் ஆச்சும்மா, உங்க அண்ணனையே கேளுங்க” என்று சிரித்தார்.

எழுதுங்கள். ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த உலோகத்துக்குப் போகக் கூடாது. பல்லக்கு, சுவாமி என்று கதையும் வேண்டாம். படம் போட்டு, சமன்பாடு எழுதி, ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். அந்த வருடம் நான் சென்னைக்கு வந்து படித்திருந்தால் எனக்கு எப்படி எழுதியிருப்பீர்களோ, அப்படி எழுதுங்கள்.

புரியாததைத் திரும்பக் கேட்பேன். தப்பு இருந்தால் சொல்வேன்.

வேணி